நெசவாளர் இடுப்பும் சங்கத்தின் கடமையும்

குழித்தறியில் நாள்முழுதும் குனிந்து நெய்வோருக்கும் நாற்று நடுவோருக்கும் இடுப்புவலி தலைவிதி என்று கருதுதல் தவறு. வலி கண்டதும் பலநாள் படுத்தே கிடப்பதும் தவறேயாகும். இயன்றவரை நடமாடுதலே நன்று என 2018-இல் 'லான்செட்' மருத்துவ இதழ்க் கட்டுரைகள் வற்புறுத்தின.

இரவில் ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து உறங்கலாம். காலையில் பக்கவாட்டில் திரும்பிக் கையூன்றி எழலாம். கால் மரத்துப் போனாலோ சிறுநீர் அடக்க இயலாவிடினோ உடனே மருத்துவரை நாடவேண்டும்.

பகலில் அடிக்கடி தறியைவிட்டு எழுதல் இன்றியமையாதது. ஆனால் நெய்த அளவுக்கே கூலி பெறுபவர் எங்ஙனம் எழுவார்? எழுந்தால் கூலி குறையுமே! ஆகவே அறிவுரை மட்டும் போதாது. தறியைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கும் சங்கம், உயரம் திருத்திய இருக்கைப் பலகைக்கும், ஓய்வு நேரத்தையும் கணக்கிட்ட கூலிக்கும் வழிசெய்தல் வேண்டும். தறியினும் நெசவாளரே சங்கத்தின் முதல் அன்றோ?