வானத்துல ஓரம் ஏது?

மும்பைக்காரர் அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டின விமானத்துக்கு 2017-ல் பதிவு கிடைச்சாலும் கிடைச்சது, 'நத்தம் ஹார்டுவேர் கடை போல்ட்டு போதாதா?'ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. போதாதுங்க! ட்ராக்டர்ல போல்ட்டு உடைஞ்சா ஓரமா நிறுத்தலாம். வானத்துல ஓரம் ஏது?

1990-ல் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்துக்கு முன்கண்ணாடி மாட்டினவர், கண்ணளவில் பார்த்து போல்ட்டு எடுத்தார். அதுவும் விமான போல்ட்டுதான்! ஆனா 84 போல்ட்டு, முக்கால் மில்லிமீட்டருக்கும் கம்மியா ஒல்லி. 17,300 அடியில் கண்ணாடி பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்கினார். பிழைச்சது அதிசயம்.

கடைக்காரர் மேல தப்பில்லை, அவர் விக்கிறது பம்புசெட்டுக்கு. என்ன உலோகம், எவ்வளவு இழுவை தாங்கும்னு சான்றோட வர்ற போல்ட்டையே வாங்குங்க. சிக்கனம் பிடிக்க வேற இடமா இல்லை சாமி?