காது பழகினால் கூன்வண்டு பிடிபடும்

கேள்வி: சிவப்புக் கூன்வண்டு தாக்கிய தென்னையில் காதை வைத்தால் புழு குடையும் சத்தம் கேட்கும் என்கிறார்கள். எத்தனை முறை வைத்தாலும் ஒரே இரைச்சலாக இருக்கிறதே, பழகிக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. புதிதாகக் கேட்பவர் எவருக்கும் அப்படித்தான் இருக்கும். மட்டை உரசுவது, எறும்பு ஊர்வது, காது மரத்தில் உராய்வது எல்லாம் கலந்து வரும். புழு நாரைக் கடிக்கும் சத்தம் 'நறுக், நறுக்' என்று விட்டுவிட்டு உள்ளிருந்து வரும். இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒப்பிட்டுக் கேட்டால்தான் காதுக்குப் பிடிபடும்.

காற்று அடங்கிய அதிகாலையில் தொடங்குங்கள். தண்டில் ஓட்டை, அதிலிருந்து வடியும் செம்பழுப்புச் சாறு, வெளியே தள்ளிய நார்ச்சக்கை உள்ள மரத்தை முதலில் கேளுங்கள். உடனே அதே வயதுள்ள நல்ல மரத்தைக் கேளுங்கள். இப்படி மாறி மாறிக் கேட்க வேண்டும். ஒரே மரத்தில் பழகினால் அந்த மரத்தின் சத்தம் மட்டுமே மனதில் நிற்கும். பல மரங்களில், தண்டின் பல உயரங்களில் கேட்பது அவசியம்.

அடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் கையைப் பிடித்து ஏதாவதொரு மரத்தடிக்கு அழைத்துச் செல்லட்டும். 'புழு இருக்கிறது', 'இல்லை' என்று நீங்கள் சொன்னதும், சரியா தவறா என்று அவர் அப்போதே சொல்ல வேண்டும். நாள் கடந்து தெரிந்தால் காது கற்காது.

காப்பாற்ற முடியாத மரத்தை வெட்டும்போது அதையும் பாடமாக்கலாம். வெட்டுமுன் கேட்டு, சத்தம் வந்த இடத்தில் சுண்ணாம்பால் குறியிட்டு, பிளந்து பாருங்கள். பிறகு புழு, கூடுகளுடன் தண்டை எரித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சத்தம் இல்லை என்பதால் மரம் நலம் என்று முடிவு கட்டக்கூடாது. முட்டையும் கூட்டுப்புழுவும் நாரைக் கடிப்பதில்லை. இளம்புழுவின் சத்தம் மிக மெல்லியது. ஒரு மரத்துக்குச் சில நிமிடங்களாவது ஒதுக்கி, சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். 5 முதல் 20 வயதுள்ள மரங்களையே இவ்வண்டு அதிகம் தாக்கும் என்பதால் அவற்றை முதலில் கவனியுங்கள்.

சத்தம் உறுதியானால் அன்றே வேளாண்மை அலுவலரிடம் காட்டி மருந்து இடுங்கள். குருத்து சாய்ந்த பிறகு மரம் மிஞ்சுவது அரிது.