ஈப்பொறிச் செடியும் மலையகத்துக் குளிரும்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பூஞ்செடி வளர்ப்பதிற் பிரியமுள்ளவர்களிடையே, வீனஸ் ஈப்பொறி என்னும் அந்நிய தேசத்துச் செடியைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. அது பூச்சியைத் தின்று உயிர்வாழும் செடியாதலால் நாள்தோறும் ஈயோ இறைச்சித் துணுக்கோ ஊட்டினாற் போதும் என்பதும், குளிர்தேசத்துச் செடியாதலால் நம் மலையகத்தில் வேறு பராமரிப்பு எதுவுமின்றியே தழைக்கும் என்பதும் அதன் சாரம். இவ்விரண்டையும் நம்பி வாங்கப்பட்ட செடிகள் சில மாதங்களுக்குள் கறுத்து மடிவதைக் கண்டு பொறுக்க மாட்டாமலே இதனை எழுதலானேன்.

முதலில் ஆகாரத்தைப் பற்றிய கூற்று. பச்சை இலையுடைய ஏனைய செடிகளைப் போலவே ஈப்பொறியும் சூரிய ஒளியையும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. பூச்சியிடமிருந்து அது பெறுவதெல்லாம் நைதரசன், பொஸ்பரஸ் முதலிய சத்துக்களேயாம். அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில், வில்மிங்டன் நகரைச் சூழ்ந்த ஈர மணல் வெளிகளிலன்றி வேறெங்கும் அது இயற்கையாக முளைத்ததில்லை. அந்த நிலம் புளிப்பானது, சத்தற்றது; வேருக்குக் கிடைக்காததை இலை தேடிக்கொள்ளும்படியாக அச்செடியின் அமைப்பே மாறியிருக்கிறது. ஆகவே பூச்சி அதற்குச் சோறு அன்று, உரம். மாதக்கணக்கில் ஒரு பூச்சியும் அகப்படாவிடினும், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் படும் செடி சாவதில்லை. அறையின் மூலையில் அலங்காரமாக வைத்து ஈயை ஊட்டிக்கொண்டே இருந்தாலும், வெயில் காணாத செடி பிழைப்பதில்லை.

இறைச்சி ஊட்டுவதோ அதனினும் கெடுதியானது. இலையின் இரு மடல்களிலும் வழக்கமாக மும்மூன்று உணர்மயிர்கள் உள்ளன. ஒரு முறை தீண்டினால் பொறி அசைவதில்லை. ஏறத்தாழ 20 வினாடிகளுக்குள் மறுமுறையும் தீண்டப்பட்டால், ஒரு வினாடியின் பத்திலொரு பங்கு நேரத்தில் அது மூடிக்கொள்கிறது. 1873 இல் டார்வினின் வேண்டுகோளுக்கிணங்கி இதனைப் பரிசோதித்த பர்டன் சாண்டர்சன் என்னும் ஆங்கில உடலியலறிஞர், விலங்குகளின் நரம்பில் ஓடுவது போன்ற மின்துடிப்பு அவ்விலையிலும் ஓடுவதைப் பிரத்தியட்சமாகக் கண்டார். இம்மட்டில் காரியம் முடிந்துவிடுவதில்லை. உள்ளே அகப்பட்ட பிராணி துடிதுடித்து மேலும் மேலும் மயிர்களைத் தீண்டினால்தான் விளிம்புகள் இறுகி, சீரண நீர் சுரக்கத் தொடங்கும். இறைச்சித் துண்டு துடிப்பதில்லை. அதன் கொழுப்பும் பருமனும் பொறிக்கு ஒவ்வா. அது அழுக, இலையும் உடன் அழுகுகிறது. விருந்தினருக்கு வேடிக்கை காட்டுவதற்காக ஈர்க்கால் பொறியைச் சீண்டுவோரையும் இங்கே கண்டிக்கவேண்டும். ஒவ்வொரு பொறியும் சில தடவைகளே மூடித் திறக்க வல்லது. வெறுமனே மூடச் செய்யும் ஒவ்வொரு முறையும் செடியின் சேமிப்பு விரயமாகிறது.

வீட்டில் ஈத்தொல்லை நீங்கும் என்று சொல்வோர்க்கு நெடிய மறுமொழி தேவையில்லை. தன் சொந்த நிலத்தில் அச்செடி பிடிப்பவற்றுட் பெரும்பாலானவை எறும்புகளும் சிலந்திகளுமே. ஒரு சட்டியில் நாலைந்து பொறிகளோடு நிற்கும் செடி, லயத்துக் காம்பராவில் மொய்க்கும் ஈக்களை ஒழிக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

தேயிலை மண்ணும் புளிப்பு, ஈப்பொறி விரும்புவதும் புளிப்பு. ஆகவே தோட்டத்து மண்ணே போதும் என்று சிலர் வாதிப்பர். பாதி உண்மை என்பதால் இவ்வாதம் எளிதில் ஏமாற்றிவிடும். தேயிலை மலைக்கு ஆண்டுதோறும் உரம் இடப்படுகிறது. கவ்வாத்து வெட்டும் காலத்தில், புளிப்பைக் குறைப்பதற்கென்றே டொலமைட் தூவப்படுகிறது. உரமும் சுண்ணாம்பும் இச்செடியின் வேருக்கு விஷம். உரமிடாத பீட் பாசியும், நன்றாகக் கழுவிய வெண்மணல் அல்லது பேர்லைட்டும் சமபங்காகக் கலந்த கலவையே உகந்தது. தென்னந்தும்பின் தூளை உபயோகிப்பவர்கள் அதிலுள்ள உப்பு நீங்கும்வரை பன்முறை அலசவேண்டும். தண்ணீரைப் பொறுத்தவரை, பீலித் தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்று மயங்கலாகாது. மேலே மரக்கறித் தோட்டமிருந்தால் அங்கு இட்ட உரம் கரைந்து வருவதும் அதே பீலியில்தான். மழை மலிந்த பிரதேசத்தில் வாழும் நமக்கு மழைநீருக்கு என்ன பஞ்சம்? கூரையைக் கழுவிவரும் முதல் நீரை ஓடவிட்டு, பின்னர் வருவதைப் பிடித்து, சட்டியின் கீழ் ஒரு தட்டில் ஊற்றி வைத்தால் போதும்.

இனி, எல்லாவற்றிலும் நயமாகத் தோன்றுவதும் ஆழ்ந்து ஆராயத்தக்கதுமான குளிர் வாதம். கரோலினாவின் கோடை நம் கொழும்பைப் போலக் கொதிப்பது. அதன் மாரிகாலமோ உறைபனி விழுவது. வில்மிங்டனில் டிசம்பரின் பகல் 10 மணிக்குச் சற்றுக் குறைவாகவும் ஜூனின் பகல் 14 மணிக்கு மேலாகவும் இருக்க, பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நம் மலையகத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தையும் எட்டுவதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. இவ்வாறு, செடி வேண்டும் கோடையும் இங்கில்லை, அது மூன்று நான்கு மாதங்கள் உறங்கவேண்டிய மாரியும் இங்கில்லை. உறக்கமின்றி ஆண்டுக்கணக்கில் வளரும் செடி மெலிந்து மாள்கிறது.

ஆயினும் நுவரெலியாவாசிகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுமல்லவா, அந்த இரவுகளே ஈப்பொறிக்கு மருந்து. அக்காலத்தில் சட்டியை வீட்டுக்குள் எடுக்காமல் வெளியிலேயே விட்டு, தட்டு நீரைக் குறைத்து, இலைகள் சில கருகினாலும் கலங்காதிருக்கவேண்டும். ஏறத்தாழ 600 மீற்றர் தாழ்ந்த ஹட்டனில் இவ்வளவு குளிர் வாய்க்காது. அங்குள்ளோர் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, ஈரப் பாசியிற் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு, இரண்டு மூன்று மாதங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பதே வழி. ஹட்டன், மஸ்கெலியா முதலிய மேற்குச் சரிவுகளுக்கு வேறொரு சங்கடமும் உண்டு: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாட்கணக்காக மூடுபனி கவிந்து வெயிலே தலைகாட்டுவதில்லை. குளிரின்மையைவிட இந்த ஒளிப்பஞ்சமே அங்கு செடியைக் கொல்கிறது என்பது என் துணிபு. அம்மாதங்களில் செடிக்கு அருகே ஓர் எல்இடி விளக்கை எரியவிடுவது ஆடம்பரமன்று.

இறுதியாக, இத்தகைய அதிசயங்கள் அந்நிய தேசங்களுக்கே உரியவை என்னும் எண்ணத்தையும் மறுத்தாகவேண்டும். ஹோட்டன் சமவெளியின் ஈரப் புல்வெளிகளில், பசைத்துளி ஏந்திய சின்னஞ்சிறு இலைகளாற் பூச்சியைப் பிடிக்கும் துரோசெரா இனமொன்று வளர்கிறது. சிங்கராஜா முதலிய தாழ்நில மழைக்காடுகளில், நம் தீவுக்கே உரிய கெண்டிச்செடி படர்கிறது. நெப்பந்திஸ் டிஸ்டிலட்டோரியா என்று லினேயஸ் 1753 இல் பெயரிட்டது இதற்கே. இவற்றை அந்தந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டுமேயன்றி, வீட்டுச் சட்டிக்கென்று ஒருபோதும் பிடுங்கலாகாது. ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. வட கரோலினாவிலும் காட்டு ஈப்பொறியைத் திருடிப் பிடுங்குவது 2014 முதல் பெருங்குற்றமாக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் ஈப்பொறி வாங்க விரும்புவோர், அது திசுவளர்ப்பினாலோ விதையினாலோ உண்டாக்கப்பட்டதுதானா என்று விற்பவரிடம் கேட்டறிந்து, திருப்தியான பதில் கிடைத்த பின்னரே வாங்குவாராக.