சாவி யார் கையில்?

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, தோப்புக் கிணற்றில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சில கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அறிவிக்கும் சிறு மின்பலகைகள் இன்று வந்துவிட்டன. ‘லோரா’ என்ற முறையில், மிகக் குறைந்த மின்சாரத்தில், சிறு சேதிகளை ரேடியோ அலையில் இவை அனுப்புகின்றன. டெலிபோன் கம்பெனிக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, சர்க்கார் விதித்த வரம்புக்குள் இயங்கும் இத்தகைய கருவிகளுக்கு லைசென்ஸும் தேவையில்லை.

நல்ல கருவிதான். ஆனால் அது யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டது?

பலகையிலுள்ள ரேடியோச் சில்லை இயக்க, முன்கூட்டியே எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு ஒன்று வேண்டும். அதற்கு ‘லைப்ரரி’ என்று பெயர். இதில் இரண்டு ரகம் உண்டு.

ஒன்று, கம்பெனியின் மூடிய லைப்ரரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவர் படிக்க முடியாது. சில பலகைகளில், ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனி உரிம எண் பெற்றுப் பதிந்தால்தான் அந்த லைப்ரரி வேலை செய்யும். காசு கொடுத்து வாங்கியவர் மறுபடியும் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும்! நாளை அந்தக் கம்பெனி கடையைக் கட்டினால், பழுதை நீக்குவது யார்? மில்லில் ரிங் பிரேம் நின்றால் பிட்டர் மூடியைக் கழற்றிப் பார்க்கிறார். மூடியையே பூட்டி, சாவியை முதலாளி கொண்டு போய்விட்டால் அவருடைய திறமை எதற்கு உதவும்?

மற்றொன்று, திறந்த லைப்ரரி. ‘ரேடியோலிப்’ இதற்கு உதாரணம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். பல கம்பெனிகளின் பலகைகளில் அது ஓடுகிறது. ஒரு கம்பெனி கைவிரித்தால், சில வரிகளை மாற்றி வேறொரு பலகைக்குப் போகலாம். உழைத்த உழைப்பு வீணாகாது.

“கம்பெனி லைப்ரரி என்றால் தொல்லையில்லை, போட்டவுடன் ஓடும்” என்பார்கள். முதல் நாள் ஓடும், மறுக்கவில்லை. திறந்ததில் படித்துப் பொருத்தும் சிரமம் உண்டு. ஆனால் அந்தச் சிரமத்தில் கற்றது நம்மிடமே தங்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. லோரா முறை பிரான்ஸில் சைக்லியோ என்ற சிறு கம்பெனியில் பிறந்தது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் அதை விலைக்கு வாங்கியது. காப்புரிமை அதன் கையில். திறந்த லைப்ரரி அந்த ஏகபோகத்தை உடைத்துவிடாது. ஆனால் வாசலில் ஒரு பூட்டு தொங்குகிறது என்பதற்காக, அறைக்குள்ளும் இன்னொரு பூட்டை நாமே மாட்டிக்கொள்வதா?

ஆகவே, பஞ்சாயத்துகளும் கூட்டுறவுச் சங்கங்களும் பொதுப் பணத்தில் இப்பலகைகளை வாங்கும்போது இரண்டு நிபந்தனைகளை டெண்டரிலேயே எழுத வேண்டும்: மூலநிரல் திறந்திருக்க வேண்டும், உரிம எண் பூட்டு இருக்கக் கூடாது. கிராம சபையில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள். தண்ணீர் நம்முடையது, வயலில் சிந்தும் வியர்வை நம்முடையது. கருவியின் சாவியும் நம் கையில் இருக்கட்டும்!