அறுந்த பின் மாற்றுவதா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர்

ஏற்காடு என்றதும் ஏரியும் படகும், காப்பித் தோட்டமும் ஆரஞ்சும், சேர்வராயன் கோயிலும் கோடை விழாவும் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே போய்ச் சேர இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும் என்பதும் நம் மாவட்டத்தார் அனைவரும் அறிந்ததே. அந்த வளைவுகளில் ஏறும் பழைய காரின் பானெட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு ரப்பர் வார் மட்டும் எவர் நினைவுக்கும் வருவதில்லை. அதுதான் ஃபேன் பெல்ட். அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவைப்பதைப் பலர் சிக்கனம் என்கிறார்கள். அது சிக்கனம் அன்று, ஊதாரித்தனம் என்பது என் கருத்து.

ஆண்டு மலரில் பட்டறைப் பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம் நண்பர்களே. என் தந்தையார் மலையடிவாரத்தில் சிறு கார்ப் பட்டறை வைத்திருப்பவர்; ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடுமுறையில் அங்கே கண்டதையும் இங்கே வகுப்பில் கேட்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்பாசிடர் போன்ற பழைய காரில் ஒரே பெல்ட்தான் மூன்று பேருக்குச் சோறு போடுகிறது: ரேடியேட்டருக்குப் பின்னுள்ள காற்றாடி, இயந்திரத்தைச் சுற்றித் தண்ணீரை ஓட்டும் வாட்டர் பம்ப், மின்சாரம் தரும் டைனமோ. சமவெளியில் ஓடும் வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைப் பெரும்பாலும் ஆற்றிவிடும். தளர்ந்த பெல்ட்டின் குறை வெளியே தெரியாது. மலையிலோ கதை வேறு. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இரண்டாம் கியரில், சில வளைவுகளில் முதல் கியரில், இயந்திரம் முழு மூச்சுடன் உழைக்கும். காரோ ஊர்ந்து போகும். எதிர்க்காற்று எங்கே? காற்றாடியும் பம்பும்தான் கதி. போதாக்குறைக்கு, 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்த காரும் ஒரு திறந்த பாத்திரம்தான்.

இந்த இடத்தில் பெல்ட் அறுந்து, "இன்னும் இரண்டு வளைவுதானே" என்று ஓட்டினால் என்ன ஆகும்? ஹெட் கேஸ்கட் போகும். சிலிண்டர் ஹெட்டே கோணிக்கொள்ளும். தண்ணீரும் ஆயிலும் கலந்து பழுப்புக் கூழாகும். பெல்ட்டின் விலையைப்போல் பல மடங்கு செலவு; காரை நம்பிப் பிழைப்பவருக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. மாலையில் மூடுபனி இறங்கிய பின் இறக்கத்தில் அறுந்தாலோ, டைனமோ நின்று, விளக்கும் வைப்பரும் பேட்டரியைத் தின்னத் தொடங்கும். வளைவில் விளக்கு மங்குவது என்றால் என்னவென்று ஓட்டுநர்களுக்குத் தெரியும். மலைச் சிற்றூர்களில் காப்பி மூட்டை ஏற்றும் அதே பழைய ஜீப்தான் அவசரத்துக்கு நோயாளியையும் ஏற்றுகிறது என்பதையும் மறந்துவிடலாகாது.

"நன்றாக ஓடும் பெல்ட்டை மாற்றச் சொல்வது மெக்கானிக்கின் பிழைப்பு" என்பார் உளர். அப்படிப்பட்ட மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து அவநம்பிக்கை அன்று, பார்க்கத் தெரிந்துகொள்வதுதான். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கித் திருப்பி மடக்கிப் பாருங்கள். உட்புறம் வெடிப்பு ஓடியிருக்கிறதா, பக்கங்கள் கண்ணாடிபோல் மின்னுகின்றனவா, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. ஓடாமல் கொட்டகையில் நின்ற காரின் ரப்பரும் காலத்தால் கெடும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மறவாதவர்கள் பானெட்டைத் திறக்க மறந்துவிடுகிறார்கள். எலுமிச்சையோடு எனக்குப் பகை ஒன்றுமில்லை!

டிக்கியில் ஒரு பெல்ட் உபரியாக வைத்திருப்பது நல்ல வழக்கம். ஆனால் கொதிக்கும் இயந்திரம் ஆறும்வரை வளைவில் காத்திருந்து மாட்டும் நிலைமை வராமல் பார்ப்பது அதனினும் நல்லது. நைலான் கயிறு கட்டி ஓட்டிய வீரக் கதைகளும் உண்டு. அவை முதலுதவி, வைத்தியம் ஆகா.

மாற்றுவது பெரிய வித்தை அன்று. டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை இயந்திரத்தின் பக்கம் தள்ளினால் பெல்ட் தொய்யும். காற்றாடியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி எடுக்கலாம். போல்ட்டைத் தளர்த்தச் சோம்பி, புதியதைத் திருப்புளியால் நெம்பி ஏற்றுவோர் உண்டு. உள்ளே இருக்கும் நூல் அங்கேயே அறுபடும், வெளியே தெரியாது. மாட்டிய பின், நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமிழ வேண்டும். அதிகம் அமிழ்ந்தால் வழுக்கும். அமிழவே இல்லையென்றால் பம்பின் பேரிங்கும் டைனமோவின் பேரிங்கும் தேயும். புதிய பெல்ட் சற்று நீளும் ஆதலால், சில நூறு கிலோமீட்டர் கழித்து மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கப்பியைச் சுற்றிய பட்டையின் இரு பக்க இழுவிசைகளின் விகிதம், உராய்வுக் குணகத்தையும் சுற்றிய கோணத்தையும் பொறுத்தது என்று நாம் படிக்கிறோம். தேர்வோடு மறக்கிறோம். 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் ஆப்பு வடிவ ரப்பர் பெல்ட்டைக் கொண்டுவந்தார். ஆப்பு பள்ளத்தின் இரு சுவர்களையும் நெருக்குவதால், தட்டைப் பட்டையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பிடி கிடைக்கிறது. தேய்ந்து மெலிந்த பெல்ட் சுவரை விட்டுப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிடும். அந்த மூன்று மடங்கும் போய்விடும். என் தந்தையாருக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் கப்பிப் பள்ளத்தின் அடி பளபளத்தால், "இது அடியில் ஓடுது, மாத்திடுங்க" என்பார். அந்தச் சொல்லுக்கும் கரும்பலகைச் சூத்திரத்துக்கும் பொருள் ஒன்றே. பின் ஏன் ஒன்றை மதிக்கிறோம், மற்றொன்றைச் சந்தேகிக்கிறோம்?

ஒரு விதிவிலக்கு. மாருதி 800 போன்ற கார்களில், மூடிக்குள் பல் வைத்த டைமிங் பெல்ட் ஒன்றும் உண்டு. அதற்குக் கட்டைவிரல் கணக்கு செல்லாது. கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றியே ஆகவேண்டும். அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. எஞ்சியுள்ள கார்களின் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நம் இயற்பியல் ஆய்வகத்துக்கு ஒரு விண்ணப்பம். உராய்வுப் பாடம் நடக்கும் நாளில், புதிய பெல்ட் ஒன்றையும் தேய்ந்தது ஒன்றையும் ஒரு கப்பியுடன் மேசைமேல் வைத்தால் போதும். புதியதைத்தான் விலைக்கு வாங்க வேண்டும். பழையவை எங்கள் பட்டறைச் சுவர் ஆணியில் பத்துப் பன்னிரண்டு தொங்குகின்றன.