வாய்விட்டுச் சொல்லாத உபாதை

நூல் வெளியீட்டு விழா எதனையும் தவறவிடாத நண்பர் ஒருவர், புரஸ்டேட் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையின் பின்னர் இரண்டு வருடங்களாக எங்கும் தலைகாட்டவில்லை. நோய் மீண்டும் வந்துவிட்டதோ என்று அஞ்சித் தொலைபேசியில் விசாரித்தேன். புற்றுநோய் இல்லை. இருமினால், சிரித்தால், கதிரையை விட்டு எழுந்தால் சிறுநீர் கசிகிறது. “உயிர் தப்பியதே பெரிது, இதைப் போய் எப்படி வைத்தியரிடம் முறையிடுவது?” என்றார்.

புரஸ்டேட் சுரப்பியை அகற்றும்போது சிறுநீரை அடக்கும் சுருக்குத்தசை பாதிப்படையலாம். இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியுடன் பெரும்பாலானோர் ஒரு வருடத்திற்குள் தேறிவிடுகின்றனர். தேறாதவர்களுக்கும் வழியுண்டு. ஹூஸ்டனைச் சேர்ந்த பிராண்ட்லி ஸ்கொட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் செயற்கைச் சுருக்குத்தசையை மனித உடலில் பொருத்தியது 1972இல். இன்று பெரிதும் பயன்படும் ஏ.எம்.எஸ். 800 என்ற மாதிரி 1980களின் தொடக்கத்தில் வந்தது.

அதன் பொறிமுறை எளிமையானது. சிறுநீர்வழியைச் சுற்றி நீர் நிரம்பிய ஒரு பட்டி. விதைப்பைக்குள் சிறியதொரு பம்பி. அடிவயிற்றில் ஒரு பலூன். பம்பியைச் சில தடவை அழுத்தினால் பட்டியிலுள்ள நீர் பலூனுக்குச் செல்லும், வழி திறக்கும். ஓரிரு நிமிடங்களில் நீர் தானாகத் திரும்பிவந்து பட்டியை இறுக்கிவிடும். வெளியே எதுவும் தெரியாது. கசிவு குறைவாயின், சிறுநீர்வழியைத் தாங்கும் வலைப்பட்டி ஒன்றே சிலருக்குப் போதுமாகிறது.

இது மந்திரமல்ல. சத்திரசிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின்னரே கருவியை இயக்குவார்கள். கிருமித்தொற்று ஏற்பட்டால் கழற்றவேண்டி வரும். காலப்போக்கில் பழுதடையும், மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பம்பியை அழுத்த விரல்களில் வலு வேண்டும். விலையும் சாதாரணக் குடும்பத்திற்கு எட்டாதது. முக்கியமான ஆபத்து வேறு: கருவி இருப்பதை அறியாத ஒருவர், பட்டியைத் தளர்த்தி நிறுத்தாமல் கதீற்றர் செலுத்தினால் சிறுநீர்வழி சேதமுறும். ஆகவே அதுபற்றிய அட்டையொன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கவேண்டும்; மனைவி மக்களும் அறிந்திருக்கவேண்டும். மறைத்து வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது.

இவற்றுள் ஒன்றையேனும் நண்பருக்கு எவரும் சொல்லவில்லை. வைத்தியர்களை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. பல வருடங்களுக்கு முன்னர், ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்திற்கு ஆண்களின் சிறுநீர்க்கசிவு பற்றிய கட்டுரையொன்று வந்தது. காலை உணவோடு வாசிக்கும் பத்திரிகைக்கு உகந்ததன்று எனக் கருதி அதனை ஒதுக்கிவிட்டு, பாகற்காயின் மகிமையைப் பிரசுரித்தவன் நான்தான்.

நண்பர் அடுத்த மாதம் சிறுநீர்த்தொகுதி சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைச் சந்திக்க இணங்கியிருக்கிறார். கேட்கவேண்டிய கேள்விகளை எழுதித் தரச் சொன்னார். “இந்தக் கருவியை இதுவரை எத்தனை பேருக்குப் பொருத்தியிருக்கிறீர்கள்?” என்பதை முதலாவதாக எழுதியிருக்கிறேன்.