கடைசி ஆட்டம்

கலாசாலை வாழ்க்கையில் படிப்புக்கு ஓர் இடம் உண்டு. மைதானத்துக்கும் ஓர் இடம் உண்டு. சில தேசங்களில் மைதானம் படிப்பைச் சற்று ஓரமாகத் தள்ளிவிடுவதும் உண்டு. ஜப்பானில் அப்படித்தான் நேர்ந்தது. ஹோரேஸ் வில்ஸன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1872-ஆம் ஆண்டு வாக்கில் டோக்கியோ மாணாக்கர்களுக்குப் பேஸ்பால் ஆடக் கற்றுக் கொடுத்தார். அவர்கள் சில காலத்தில் அதற்கு 'யாக்யூ', அதாவது மைதானப் பந்து, என்று சொந்தப் பெயரே சூட்டி, அன்னியரின் ஆட்டத்தைத் தங்கள் ஆட்டமாக்கிக் கொண்டார்கள்.

டோக்கியோ நகரில் இரண்டு பிரசித்தமான தனியார் சர்வகலாசாலைகள் உண்டு. புக்குஸாவா யுக்கிச்சி ஸ்தாபித்தது கெய்யோ. ஓக்குமா ஷிகெநொபு ஸ்தாபித்தது வாஸேடா. 1903-இல் இவ்விரண்டுக்கும் முதல் பந்தயம் நடந்தது. கெய்யோ 11-க்கு 9 என்ற கணக்கில் ஜயித்தது. அன்று மூண்ட போட்டி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. 1906-இல் முதல் ஆட்டத்தில் வென்ற கெய்யோ மாணாக்கர்கள், நேரே ஓக்குமாவின் வீட்டு வாசலுக்குப் போய் ஜயகோஷம் செய்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் வென்ற வாஸேடாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? புக்குஸாவா காலஞ்சென்று ஐந்து வருஷமாகியும், அவருடைய வீட்டு வாசலில் நின்று பதில் கோஷம் போட்டார்கள்! மூன்றாவது ஆட்டம் நடந்தால் மண்டைகள் உடையும் என்று பெரியவர்கள் அஞ்சிப் பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். மறுபடி அது தொடங்குவதற்கு 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வருஷமே ஆறு சர்வகலாசாலைகள் சேர்ந்த லீக்கும் உண்டாயிற்று.

பிறகு யுத்தம் வந்தது. எதிரியின் ஆட்டம் என்று பேஸ்பால் மீது சந்தேகம் விழுந்தது. தொழில்முறை ஆட்டங்களில் 'ஸ்டிரைக்' என்ற சொல்லைக்கூட விலக்கி ஜப்பானியச் சொல்லை வைத்தார்கள். ஒரு சொல்லைக் கண்டு நடுங்கிய சர்க்கார், உலகத்தையே எதிர்த்து யுத்தம் நடத்தியது! 1943 வசந்தத்தில் ஆறு சர்வகலாசாலை லீக் கலைக்கப்பட்டது. அவ்வருஷம் இலையுதிர் காலத்தில், இருபது வயது நிறைந்த மாணாக்கர்களில் விஞ்ஞானம் முதலியவை படிப்போர் தவிர மற்றவர்கள் பட்டாளத்துக்கு வரவேண்டும் என்று உத்தரவு பிறந்தது.

போவதற்கு முன் ஒரே ஒரு தடவை வாஸேடாவுடன் ஆடவேண்டும் என்று கெய்யோ மாணாக்கர்கள் விரும்பினார்கள். கெய்யோவின் தலைவர் கொயிஸுமி ஷின்ஸோ உடனே இணங்கினார். முந்திய வருஷந்தான் அவருடைய ஏக புத்திரன் கடற்படையில் உயிர் நீத்திருந்தான். வாஸேடா அதிகாரிகள் தயங்கினார்கள். ஆயினும் ஆட்டக்காரர்களும் அவர்களுடைய முதிய ஆசான் டொபிடா ஸுயிஷுவும் விட்டுக் கொடுக்கவில்லை.

1943 அக்டோபர் 16-ஆம் தேதி வாஸேடாவின் டொத்ஸுக்கா மைதானத்தில் ஆட்டம் நடந்தது. கொயிஸுமி தமக்குரிய ஆசனத்தை விட்டு மாணாக்கர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். வாஸேடா 10-க்கு 1 என்று வென்றது. ஆனால் அன்று யாரும் யாருடைய வீட்டு வாசலுக்கும் கோஷம் போடப் போகவில்லை. ஒரு கட்சியார் மற்றக் கட்சியாரின் கலாசாலைப் பாட்டைப் பாடி வாழ்த்தினார்கள். ஐந்து நாள் கழித்து, கொட்டும் மழையில், டோக்கியோ மாணாக்கர்கள் துப்பாக்கி தாங்கி அணிவகுத்துச் சென்றார்கள்.

வாலிபர்களின் வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. அவ்வீரத்தைச் செலவு செய்தவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். மைதானத்தில் தோற்றவன் அடுத்த வருஷம் மறுபடி ஆடலாம். யுத்தத்தில் அந்தச் சலுகை கிடையாது.

1945 நவம்பரில், யுத்தம் முடிந்து சுமார் மூன்று மாதங்களில், வாஸேடாவும் கெய்யோவும் மீண்டும் பந்தெடுத்து ஆடின. 1943-இல் ஆடியவர்களில் சிலர் அன்று வரவில்லை. இனி வரவும் மாட்டார்கள்.